ஐரோப்பாவின் இஸ்லாமிய எதிர்ப்புக் குழுக்களும் அவற்றின் எல்லை தாண்டிய தொடர்புகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பிய அரசியல் செய்திகளைத் தமிழாக்கம் செய்யும் வேலையில் இருப்பதால், லண்டனிலோ ட்ரெஸ்டனிலோ ஒரு பேரணி நடந்தாலே எனக்குச் சில கேள்விகள் வந்து சேரும். கேட்பவர்கள் வெவ்வேறு ஆட்கள் என்றாலும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான் என்பதால், கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்துப் பதில்களை ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன்.

இஸ்லாமிய எதிர்ப்புக் குழுன்னு யாரைச் சொல்றீங்க? அகதிகள் வேண்டாம்னு சொல்றவங்க எல்லாருமா?

இல்லை. குடியேற்றத்தைக் குறைக்க வேண்டும் என்று சொல்லும் கட்சிகள் ஐரோப்பாவில் ஏராளம். அவற்றில் பலவற்றுக்கு இஸ்லாம் ஒரு துணைக் கருப்பொருள் மட்டுமே. இங்கே பேசப்படுவது, ஐரோப்பா முழுவதும் இஸ்லாமியமயமாக்கப்பட்டு வருகிறது, அதைத் தடுப்பதே முதல் கடமை என்பதைத் தங்கள் இருப்புக்கே காரணமாக வைத்திருக்கும் குழுக்களைப் பற்றி. அவர்களில் ஒரு பகுதியினர் தங்களை 'எதிர் ஜிகாத் இயக்கம்' என்று அழைத்துக்கொண்டார்கள். இங்கிலிஷ் டிஃபென்ஸ் லீக், ஸ்டாப் இஸ்லாமைசேஷன் ஆஃப் யூரோப், ஜெர்மனியின் பெகிடா, கொலோன் நகரின் புரோ கொலோன் ஆகியவை இந்த வட்டத்தைச் சேர்ந்தவை. ஹெர்ட் வில்டர்ஸின் டச்சு சுதந்திரக் கட்சி, பெல்ஜியத்தின் ஃபிளாம்ஸ் பெலாங் போன்ற நாடாளுமன்றக் கட்சிகள் இந்த வட்டத்துக்கு மேடையும் மரியாதையும் தேடித் தந்தவை.

செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகுதான் இதெல்லாம் ஆரம்பிச்சுதா?

விதை அப்போது விழுந்தது என்று சொல்லலாம். முளைத்தது அடுத்த சில ஆண்டுகளில். 2004 மார்ச்சில் மாட்ரிட் ரயில்களில் குண்டு வெடித்தது. அதே ஆண்டு நவம்பர் 2ஆம் தேதி ஆம்ஸ்டர்டாம் தெருவில் இஸ்லாமை விமர்சித்துப் படம் எடுத்த இயக்குநர் தியோ வான் கோ ஓர் இஸ்லாமியத் தீவிரவாதியால் கொல்லப்பட்டார். 2005 ஜூலையில் லண்டன் சுரங்க ரயில்களில் தாக்குதல் நடந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 30 அன்று டென்மார்க்கின் யூலன்ஸ் போஸ்டன் நாளிதழ் முகமது நபியைப் பற்றிய 12 கேலிச்சித்திரங்களை வெளியிட்டது. உண்மையான கொலைகளும் உண்மையான அச்சமும் இதன் பின்னணியில் இருந்தன என்பதை மறைத்துவிட்டு இந்தக் குழுக்களைப் புரிந்துகொள்ள முடியாது.

அச்சத்துக்கு ஒரு கோட்பாட்டு வடிவம் தந்தது, கெய்ரோவில் பிறந்து எகிப்தை விட்டு வெளியேறிய எழுத்தாளர் பாட் யோர் 2005இல் பரப்பிய 'யூரேபியா' என்ற கருத்து. ஐரோப்பியத் தலைவர்களே அரபு நாடுகளுடன் பேசிவைத்துக்கொண்டு கண்டத்தைக் கைமாற்றுகிறார்கள் என்பது அதன் சாரம். ஒரு நாட்டின் மசூதிச் சச்சரவை இன்னொரு நாட்டின் மசூதிச் சச்சரவோடு கோத்துக் காட்ட இந்தக் கருத்து வசதியாக இருந்ததால்தான், உள்ளூர்க் குழுக்கள் அதை விரைவாகப் பிடித்துக்கொண்டன. பியூ ஆய்வு மையத்தின் கணக்குப்படி 2016இல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் நார்வே, சுவிட்சர்லாந்திலும் சேர்த்து முஸ்லிம்கள் மக்கள்தொகையில் 4.9 விழுக்காடு. அந்த எண்ணுக்கும் இந்தக் கோட்பாட்டுக்கும் உள்ள தூரத்தை வாசகர்களே அளந்துகொள்ளலாம்.

இவங்களுக்கெல்லாம் மேல ஒரே தலைமை, ஒரே தலைமையகம்னு ஏதாவது இருக்கா?

இல்லை. அப்படி ஒன்றை உருவாக்க முயன்றார்கள் என்பதும், ஒவ்வொரு முறையும் அது நிலைக்கவில்லை என்பதும்தான் இந்தக் கதையின் பெரும்பகுதி. டென்மார்க்கில் அனஸ் கிராவர்ஸ் தொடங்கிய குழு, ஓர் ஆங்கிலேயக் குழுவுடன் சேர்ந்து 2007இல் ஸ்டாப் இஸ்லாமைசேஷன் ஆஃப் யூரோப் என்ற பொதுப் பெயரை உருவாக்கியது. அவ்வாண்டு செப்டம்பர் 11 அன்று பிரஸ்ஸல்ஸில் முதல் பெரிய ஆர்ப்பாட்டம் நடத்தத் திட்டமிட்டார்கள். மேயர் தடை விதித்தார். தடையை மீறி வந்த ஃபிளாம்ஸ் பெலாங் தலைவர்கள் ஃபிலிப் டெவின்டரும் ஃப்ராங்க் வான்ஹெக்கேயும் கைது செய்யப்பட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து, அக்டோபரில், அதே நகரில் தெருவுக்குப் பதில் மாநாட்டு அறையில் கூடினார்கள். பாட் யோர், அமெரிக்காவில் இஸ்லாமை எதிர்த்து எழுதிவந்த ராபர்ட் ஸ்பென்சர், பமேலா கெல்லர் ஆகியோர் வந்தார்கள். அதன் பின் வியன்னா, கோபன்ஹேகன், சூரிச், லண்டன், மீண்டும் பிரஸ்ஸல்ஸ் என்று ஆண்டுதோறும் ஒரு கூட்டம் நடந்தது. அங்கே அறிமுகமும் தொலைபேசி எண்ணும் கிடைத்தன, அமைப்பு கிடைக்கவில்லை. இதைக் கட்சி என்பதை விட, ஒருவரை ஒருவர் திருமணத்துக்கு அழைத்துக்கொள்ளும் தூரத்து உறவுக்காரர்களின் கூட்டம் என்றால் சரியாக இருக்கும்: பத்திரிகை வைத்தால் வருவார்கள், சொத்தைப் பங்குபோடச் சொன்னால் வரமாட்டார்கள்.

டிஃபென்ஸ் லீக்னு நார்வேல, டென்மார்க்ல எல்லாம் இருக்கே. அதெல்லாம் இங்கிலாந்து அமைப்போட கிளைகள்தானே?

பெயர் ஒன்று, கிளை அல்ல. 2009 மார்ச்சில் இங்கிலாந்தின் லூட்டன் நகரில், வெளிநாட்டிலிருந்து திரும்பிய ராணுவப் படையணியின் அணிவகுப்பை ஒரு சிறு இஸ்லாமியத் தீவிரவாதக் குழு கோஷமிட்டு அவமதித்தது. அந்தக் கோபத்தில் சில மாதங்களில் பிறந்ததுதான் இங்கிலிஷ் டிஃபென்ஸ் லீக். அதன் முகமாக இருந்தவர் டாமி ராபின்சன். கால்பந்து ரசிகர் கூட்டங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பெயர் பிரபலமானதும் நார்வேயிலும் டென்மார்க்கிலும் இன்னும் பல நாடுகளிலும் அதே பெயரில், அதே கேடயச் சின்னத்தின் சாயலில், குழுக்கள் முளைத்தன. நம்மூரில் ஒரு பிரியாணிக் கடை ஓடினால் அதே பெயரில் தெருவுக்கொரு பலகை தொங்குமே, அந்த மாதிரி.

பெயர் போன வேகத்தில் ஆட்கள் போகவில்லை. 2010 அக்டோபரில் வில்டர்ஸுக்கு ஆதரவாக ஆம்ஸ்டர்டாம் சென்றவர்களை நகர நிர்வாகம் மையப்பகுதியிலிருந்து துறைமுகப் பக்கம் ஒதுக்கி நிறுத்தியது. அங்கே அயாக்ஸ் கால்பந்து ரசிகர்கள் அவர்களோடு மோதத் தேடி வந்தார்கள். யாருக்காகப் போனார்களோ அந்த வில்டர்ஸ், தமக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை என்று விலகிக்கொண்டார். 2012 மார்ச் 31 அன்று டென்மார்க்கின் ஆர்ஹூஸில் ஐரோப்பா முழுவதிலுமிருந்து டிஃபென்ஸ் லீக்குகள் கூடுவதாக அறிவித்த கூட்டத்துக்கு வந்தவர்கள் இருநூறு பேர் அளவில்தான். எதிர்த்து வந்தவர்கள் பல மடங்கு. அடுத்த ஆண்டு ராபின்சனே லீக்கை விட்டு வெளியேறினார்.

கொலோன்ல மாநாடு நடத்த வந்தவங்களை ஊர்க்காரங்களே விரட்டிட்டாங்கன்னு சொல்றாங்களே, உண்மையில என்ன நடந்துச்சு?

ஜெர்மனியின் கொலோன் நகரில், எரன்ஃபெல்ட் பகுதியில் துருக்கிய முஸ்லிம்கள் கட்டத் திட்டமிட்ட பெரிய மசூதியை எதிர்த்து வளர்ந்தது புரோ கொலோன். 2008 ஜனவரியில் ஆண்ட்வெர்ப்பில் ஃபிளாம்ஸ் பெலாங், ஆஸ்திரிய சுதந்திரக் கட்சி ஆகியவற்றுடன் சேர்ந்து 'இஸ்லாமியமயமாக்கலுக்கு எதிரான நகரங்கள்' என்ற கூட்டணியில் அது இணைந்தது. அந்தத் தெம்பில் செப்டம்பர் 20 அன்று கொலோனின் ஹாய்மார்க்ட் சதுக்கத்தில் சர்வதேசக் கூட்டம் அறிவித்தார்கள்.

முந்தைய நாளே கோளாறு தொடங்கியது. செய்தியாளர் கூட்டம் நடத்த ஊருக்குள் இடம் அமையாமல் ரைன் நதியில் மோபி டிக் என்ற படகில் ஏறினார்கள். கரையில் நின்றவர்கள் கல்லெறிய, படகு நெடுநேரம் கரை ஒதுங்க முடியாமல் நதியில் சுற்றிக்கொண்டிருந்தது. மறுநாள் டாக்சி ஓட்டுநர்கள் ஏற்ற மறுத்தார்கள். மதுக்கடைகளில், கண்ணாடிக் கோப்பைக்கு அடியில் வைக்கும் அட்டையில் 'நாஜிகளுக்குக் கொல்ஷ் கிடையாது' என்று அச்சிட்டிருந்தார்கள். கொல்ஷ் என்பது அந்த ஊரின் பெருமைக்குரிய பீர். வெளிநாட்டு விருந்தினர்களில் பலர் விமான நிலையத்தைத் தாண்டி வர முடியவில்லை. பாதுகாப்புக் காரணம் காட்டிக் காவல்துறை கூட்டத்தை நிறுத்தியது. கல்லெறிந்ததை நான் மெச்சவில்லை. அட்டை அச்சிட்டவர்களின் மூளையை மெச்சுகிறேன். மசூதி கட்டி முடிக்கப்பட்டு 2018இல் முறைப்படி திறக்கப்பட்டது.

அப்போ இவங்க தோத்துக்கிட்டே இருந்தாங்கன்னா, சுவிட்சர்லாந்துல எப்படி ஜெயிச்சாங்க?

நல்ல கேள்வி, ஏனென்றால் கூட்டம் சேர்ப்பதில் தோற்றவர்கள் வேறொன்றில் வென்றார்கள். சுவிட்சர்லாந்தின் வாங்கன் பை ஓல்ட்டன் என்ற சிற்றூரில் ஒரு துருக்கிய சங்கம் தன் கட்டடத்தின் மேல் ஆறு மீட்டர் உயரத்தில் ஒரு மினார் வைக்க விரும்பியது. அக்கம்பக்கத்தாரின் ஆட்சேபம் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது, மினார் எழுந்தது. அந்தத் தகராறும் அதைப் போன்ற சிலவும் நாடு தழுவிய வாக்கெடுப்பாக வளர்ந்தன. அப்போது நாட்டில் இருந்த மினார்கள் மொத்தம் நான்கு. அரசும் நாடாளுமன்றமும் வேண்டாம் என்று பரிந்துரைத்தும், 2009 நவம்பர் 29 அன்று 57.5 விழுக்காட்டினர் புதிய மினார்களைத் தடை செய்ய வாக்களித்தார்கள்.

அந்த வாக்கெடுப்பின் சுவரொட்டியைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். தரையில் விரித்த சுவிஸ் கொடியைத் துளைத்துக்கொண்டு கறுப்பு மினார்கள் ஏவுகணைகளைப் போல் நிற்கின்றன. இடது முன்புறத்தில் கண்கள் மட்டும் தெரியும் ஒரு பெண். பாசல், லோசான் நகரங்கள் அதை ஒட்டத் தடை விதித்தன, சூரிச் அனுமதித்தது. தடைச் செய்தியால் சுவரொட்டி இன்னும் புகழ் பெற்றது. சில மாதங்களில் பிரான்சின் தேசிய முன்னணி சுவிஸ் கொடிக்குப் பதில் அல்ஜீரியக் கொடி போர்த்திய பிரான்ஸ் வரைபடத்தை வைத்து, கிட்டத்தட்ட அதே படத்தைத் தன் தேர்தலுக்குப் பயன்படுத்தியது. ஜெர்மனியிலும் மினார்ச் சுவரொட்டி தோன்றியது. மாநாட்டுக்கு நூறு பேரைக் கூட்ட முடியாத வலைப்பின்னல் ஒரு படத்தை மூன்று நாடுகளுக்கு அனாயாசமாகக் கொண்டு சேர்த்தது. எல்லை தாண்டிய தொடர்பு என்றால் கட்டமைப்பைத் தேடுவதை விட்டுவிட்டு எது கைமாறுகிறது என்று பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

பணம் எங்கேயிருந்து வருது? அமெரிக்காவா?

ஒரு பகுதி ஆம். டச்சுக் கட்சிகள் பெரிய நன்கொடைகளை வெளியிட வேண்டும் என்ற சட்டம் வந்த பிறகு தெரியவந்த விவரம் இது: 2015இல் வில்டர்ஸின் கட்சிக்கு அமெரிக்காவின் டேவிட் ஹோரோவிட்ஸ் ஃப்ரீடம் சென்டர் ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் கொடுத்தது. அந்தக் கட்சியில் உறுப்பினர் ஒருவரே, வில்டர்ஸ். ஆயிரம் உறுப்பினர்கள் உள்ள கட்சிக்குத்தான் அரசு மானியம் என்பது டச்சு விதி; யாரையும் சேர்க்காமல் கட்டுப்பாட்டைக் கையில் வைத்திருப்பதற்கான விலை அது, அந்தப் பள்ளத்தை வெளிப் பணம் நிரப்பியது. தெருக் குழுக்களைப் பொறுத்தவரை பெரிய முதலாளி ஒருவர் பின்னால் நிற்கிறார் என்ற கற்பனை பெரும்பாலும் தேவையில்லை. பனியன் விற்பனையும் சில்லறை நன்கொடையும் அவர்களுக்குப் போதுமானதாக இருந்தன.

தேசியவாதிங்க எப்படிங்க சர்வதேசமா சேர முடியும்? அதுவே முரண் இல்லையா?

முரண்தான், அதற்கு 2007ஆம் ஆண்டே சாட்சி. ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் பிரான்சின் தேசிய முன்னணி, ஃபிளாம்ஸ் பெலாங், ருமேனியாவின் பெரிய ருமேனியா கட்சி முதலியவை சேர்ந்து ஜனவரியில் ஒரு குழு அமைத்தன. இத்தாலியில் ஒரு கொலை வழக்கில் ருமேனியர் ஒருவர் கைதானபோது, குழுவிலிருந்த இத்தாலிய உறுப்பினர் அலெஸாண்ட்ரா முசோலினி ருமேனியர்களைப் பற்றி இழிவாகப் பேசினார். ருமேனிய உறுப்பினர்கள் ஐவரும் வெளியேறினார்கள். தேவையான எண்ணிக்கை குறைந்து நவம்பரில் குழு கலைந்தது. பத்து மாதம் தாக்குப்பிடித்ததே அதிகம். மேலே சொன்ன சுவரொட்டி விஷயத்திலும், அதை வடிவமைத்த சுவிஸ் விளம்பர நிறுவனம் பிரெஞ்சுக்காரர்கள் தன் படைப்பைத் திருடிவிட்டதாகச் சண்டைக்குப் போனது.

இஸ்லாமிய எதிர்ப்பு அவர்களுக்குப் பயன்பட்டது இந்த இடத்தில்தான். ருமேனியரும் இத்தாலியரும் ஒருவரை ஒருவர் வெறுக்காமல் ஒரே மேடையில் நிற்க, இருவருக்கும் வெளியே ஒருவர் தேவைப்பட்டார்.

இவங்க பழைய நாஜிகளோட வாரிசுகள்தானே? அப்புறம் ஏன் பேரணியில இஸ்ரேல் கொடி பிடிக்கிறாங்க?

சிலருக்கு அந்த வேர் உண்டு, சிலருக்கு இல்லை. ஃபிளாம்ஸ் பெலாங்கின் முன்னோடியான ஃபிளாம்ஸ் பிளாக், இனவெறிச் சட்டத்தின் கீழ் 2004இல் பெல்ஜிய நீதிமன்றங்களில் தோற்றதால் பெயர் மாற்றிக்கொண்ட கட்சி. ஆஸ்திரிய சுதந்திரக் கட்சியை நிறுவியவர்களில் முன்னாள் நாஜிகள் இருந்தார்கள். மாறாக வில்டர்ஸ் வலதுசாரித் தாராளவாதக் கட்சியிலிருந்து வந்தவர். இளமையில் இஸ்ரேலில் வேலை செய்தவர். 2007 பிரஸ்ஸல்ஸ் மாநாட்டுக்குப் பிறகு, ஃபிளாம்ஸ் பெலாங்கோடு கைகோக்கலாமா என்ற கேள்வியிலேயே அமெரிக்க ஆதரவாளர்களில் ஒரு பகுதி பிரிந்து போனது.

கொடி விஷயத்தில் உண்மையான இஸ்ரேல் ஆதரவும் உண்டு, அழுக்கு நீக்கும் சோப்பாகப் பயன்படுத்துவதும் உண்டு. 2010 டிசம்பரில் ஆஸ்திரிய சுதந்திரக் கட்சித் தலைவர் ஸ்ட்ராகே, டெவின்டர், ஸ்வீடன் வலதுசாரி அரசியல்வாதி கென்ட் ஏகெரோத் உள்ளிட்டோர் இஸ்ரேல் சென்று 'ஜெருசலேம் பிரகடனம்' ஒன்றை வெளியிட்டார்கள். யூத இனப்படுகொலை நினைவிடமான யாத் வஷேமில் தலையை மூட வேண்டும் என்பதற்காக ஸ்ட்ராகே அணிந்தது, யூத எதிர்ப்பு வரலாறுள்ள ஜெர்மன் தேசியவாத மாணவர் சங்கத்தின் சிறு தொப்பி. சோப்பு எவ்வளவு ஆழம் வரை போனது என்பதை அந்தத் தொப்பி சொல்லிவிட்டது.

நார்வேயில பிரெய்விக் செஞ்ச கொலைகளுக்கு இவங்கதான் பொறுப்பா?

2011 ஜூலை 22 அன்று ஓஸ்லோவில் 8 பேரையும் உட்டோயா தீவில் 69 பேரையும் கொன்றவன் தனி ஆளாகவே செயல்பட்டான் என்றுதான் விசாரணையில் முடிவானது. தனக்குப் பின்னால் இருப்பதாக அவன் சொன்ன ரகசிய வீரர் படைக்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. சட்டப்படியான பொறுப்பு அவனுடையது. ஆனால் அவன் பரப்பிய சுமார் 1,500 பக்கத் தொகுப்பில், 'ஃபியோர்ட்மன்' என்ற புனைபெயரில் எழுதிவந்த நார்வேக்காரரின் கட்டுரைகள் முழுதுமாகப் படியெடுக்கப்பட்டிருந்தன. முன்பு சொன்ன யூரேபியா வாதமே அதன் முதுகெலும்பு. கண்டம் முழுவதும் படையெடுப்புக்குள்ளாகிறது, தலைவர்கள் துரோகிகள் என்று ஆயிரம் முறை எழுதிவிட்டு, ஒருவன் அதை நம்பியதும் 'நாங்கள் வன்முறையைச் சொல்லவில்லையே' என்பது முழுப் பதில் ஆகாது என்பது என் கருத்து. அவன் முதலில் குறிவைத்தது முஸ்லிம்களை அல்ல, அரசு அலுவலகத்தையும் தொழிற்கட்சியின் இளைஞர் முகாமையும் என்பதைக் கவனித்தால் இது இன்னும் தெளிவாகும்.

இந்தியாவோடு ஒரு விசித்திரமான தொடர்பும் இதில் உண்டு. தன் கற்பனைப் படைக்கான தையல் சின்னத்தின் மாதிரிகளை அவன் செய்து வாங்கியது வாராணசியில்; வேலையைச் செய்து கொடுத்தவர் ஒரு முஸ்லிம் நெசவாளர்.

பெகிடா ஒரே நாள்ல பதினாலு நாட்டுல பேரணி நடத்துச்சாமே?

2014 அக்டோபரில் ட்ரெஸ்டனில் தொடங்கிய பெகிடாவின் முழுப் பெயரே 'மேற்குலகம் இஸ்லாமியமயமாவதை எதிர்க்கும் தேசப்பற்றுள்ள ஐரோப்பியர்கள்' என்பது. ட்ரெஸ்டன் இருக்கும் சாக்சனி மாநிலத்தில் அப்போது முஸ்லிம்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இருக்கவில்லை. பாரிஸின் ஷார்லி எப்தோ பத்திரிகை அலுவலகத் தாக்குதலுக்குப் பின், 2015 ஜனவரி 12 அன்று, காவல்துறைக் கணக்கில் 25,000 பேர் வந்தார்கள், அதுவே உச்சம். 2016 ஜனவரியில் பிராக் அருகே பல நாட்டுக் குழுக்கள் கூடி 'ஐரோப்பா என்னும் கோட்டை' என்ற பெயரில் கூட்டணி அறிவித்து, பிப்ரவரி 6 அன்று ஒரே நாளில் பேரணி நடத்தின. ட்ரெஸ்டனில் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். பர்மிங்காமில் ராபின்சனோடு ஊர் ஓரத்தில் நடந்தவர்கள் இருநூறு பேர் அளவில். கலேயில் தடையை மீறிய ஓய்வுபெற்ற பிரெஞ்சுத் தளபதி கைதானார். நாடுகளின் எண்ணிக்கையைச் சொல்பவர்கள் தலைகளின் எண்ணிக்கையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அகதிகளைத் தடுக்கப் போன கப்பல்ல இலங்கைக்காரங்க இருந்தாங்களாமே, நிஜமா?

நிஜம்தான். 2017இல் பிரான்ஸ், இத்தாலி, ஜெர்மனி, ஆஸ்திரிய 'அடையாளவாத' இளைஞர்கள் (ஐரோப்பியரின் இன அடையாளத்தைக் குடியேற்றத்திலிருந்து காப்பதாகச் சொல்லும் இயக்கத்தினர்) நன்கொடை திரட்டி சி ஸ்டார் என்ற கப்பலை வாடகைக்கு எடுத்தார்கள். லிபியக் கடற்பகுதியில் மீட்புக் கப்பல்களைக் கண்காணித்து, அகதிகள் ஐரோப்பா வராமல் தடுப்பது நோக்கம். வழியில் வடக்கு சைப்ரஸின் ஃபமகுஸ்டா துறைமுகத்தில் கப்பல் நிறுத்தப்பட்டது. அதில் இருபது இலங்கையர் இருந்தார்கள். சில ஜெர்மன் செய்திகள் அவர்களைத் தமிழர் என்றே குறிப்பிட்டன. பயிற்சி மாலுமிகள் என்று சொல்லப்பட்டவர்களில் சிலர் அங்கேயே அடைக்கலம் கேட்டார்கள். கப்பல் தலைவர் கைதாகிப் பின்னர் விடுவிக்கப்பட்டார். அகதிகளை மறிக்கப் போன கப்பலே அகதி விண்ணப்பதாரர்களை இறக்கிவிட்டுப் போனது.

பிறகு துனிசியாவின் சார்சிஸ் மீனவர்கள் அதைத் துறைமுகத்துக்குள் விட மறுத்தார்கள். ஆகஸ்டில் இயந்திரம் பழுதானபோது உதவிக்கு அனுப்பப்பட்டது, அவர்கள் எதிர்த்துவந்த மீட்புக் கப்பல்களில் ஒன்றான சீ ஐ. உதவி வேண்டாம் என்று சி ஸ்டார் மறுத்துவிட்டது. சிரித்துவிட்டு நகர முடியாத ஒரு பின்னுரையும் உண்டு: 2019 மார்ச்சில் நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேரைக் கொன்றவன், அதற்கு முந்தைய ஆண்டு இந்த இயக்கத்தின் ஆஸ்திரியத் தலைவர் மார்ட்டின் செல்னருக்கு 1,500 யூரோ அனுப்பியிருந்தான், செல்னர் நன்றி சொல்லிப் பதில் எழுதியிருந்தார். பிரெஞ்சுக் கிளையை அந்நாட்டு அரசு 2021 மார்ச்சில் கலைத்தது.

இவங்களுக்கு முஸ்லிம்தானே பிரச்சனை? நம்மளை மாதிரி இந்துக்களை, கிறிஸ்தவங்களை ஒண்ணும் செய்ய மாட்டாங்கதானே?

புலம்பெயர்ந்த தமிழர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது. மேடையில் அப்படித்தான் சொல்லப்படும். இங்கிலிஷ் டிஃபென்ஸ் லீக்கில் சீக்கியர் ஒருவர் பேச்சாளராகவே இருந்தார். தெருவில் அந்த வேறுபாடு நிற்பதில்லை. 2024 ஜூலையில் இங்கிலாந்தின் சௌத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டதும், கொலையாளி முஸ்லிம் அகதி என்ற பொய் பரவி, மறுநாள் அங்குள்ள மசூதி தாக்கப்பட்டது. ஒரு வாரத்துக்குள் மிடில்ஸ்பரோவில் கார்களை மறித்து, ஓட்டுபவர் வெள்ளையரா, ஆங்கிலேயரா என்று கேட்டார்கள். எந்தக் கோயிலுக்குப் போகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. சுவிட்சர்லாந்தில் மினார்ச் சுவரொட்டியை வடிவமைத்த அதே நிறுவனம்தான், இரண்டு ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டவரைக் குறிவைத்து, வெள்ளை ஆடுகள் கறுப்பு ஆட்டை உதைத்து வெளியேற்றும் சுவரொட்டியையும் செய்தது.

ஒருத்தர் டென்மார்க்லேர்ந்து ஸ்வீடன் போய் குர்ஆனை ஏன் எரிக்கணும்? அவர் நாட்டிலேயே செய்யலாமே?

நீங்கள் கேட்பவர் டென்மார்க்கின் இஸ்லாமிய எதிர்ப்பு அரசியல்வாதி ராஸ்முஸ் பலுடான்; அவர் சொந்த ஊரில் பல முறை செய்தவர்தான். எல்லையைத் தாண்டும்போது ஒரு நகரத்தின் தகராறு இரண்டு நாடுகளின் செய்தியாகிறது. 2020இல் ஸ்வீடன் அவருக்கு நுழைவுத் தடை விதித்தது. அவர் ஸ்வீடன் குடிமகனும்கூட என்று தெரிந்ததும் தடை பொருளற்றுப் போனது. 2022 ஈஸ்டர் நாட்களில் அவர் சுற்றுப்பயணம் அறிவித்த ஊர்களில் கலவரம் மூண்டது. 2023 ஜனவரி 21 அன்று ஸ்டாக்ஹோமில் துருக்கித் தூதரகத்தின் முன் அவர் எரித்த ஒரு பிரதி, துருக்கியின் சம்மதம் தேவைப்பட்ட ஸ்வீடனின் நேட்டோ சேர்க்கையையே சிக்கலாக்கியது. ஒரு தீப்பெட்டியும் ஒரு அனுமதிச் சீட்டும் போதும் என்றால் மாநாடும் கூட்டணியும் எதற்கு? டென்மார்க் அவ்வாண்டு டிசம்பரில் புனித நூல்களை அவமதிப்பதைத் தடை செய்து சட்டம் இயற்றியது.

இஸ்லாமை விமர்சனம் பண்ணினாலே இந்தப் பட்டியல்ல சேர்த்துடுவீங்களா?

மாட்டேன். ஒரு மதத்தின் நூலையும் வழக்கத்தையும் விமர்சிப்பதும் அதை விட்டு வெளியேறுவதும் உரிமை. முஸ்லிம் பெண்களும் முன்னாள் முஸ்லிம்களும் எழுப்பும் கேள்விகள் கூர்மையானவை. ஒரு கருத்தை விமர்சிக்கிறாரா, அல்லது அந்தப் பெயரோடு பிறந்த அனைவரையும் படையெடுப்பின் சிப்பாய்களாகக் காண்கிறாரா என்பதுதான் நான் பார்க்கும் கோடு.

இந்தக் குழுக்கள் தாக்கப்படுவதும் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். 2024 மே 31 அன்று ஜெர்மனியின் மன்ஹைம் சந்தைச் சதுக்கத்தில் பாக்ஸ் யூரோபா என்ற இஸ்லாமிய எதிர்ப்பு அமைப்பின் பிரசார மேசைக்கு அருகே ஒருவன் கத்தியால் தாக்கினான். அதன் பேச்சாளர் மிஷாயல் ஷ்டூர்ட்சன்பெர்கர் உள்ளிட்ட பலர் காயமுற்றார்கள். தடுக்க வந்த இளம் காவலர் உயிரிழந்தார். அவர்கள் பேச்சை ஏற்காதவர்களும் தயங்காமல் கண்டிக்க வேண்டிய கொலை அது.

இப்போ இந்த வலைப்பின்னல் பலமா இருக்கா, தேய்ஞ்சு போச்சா?

மாநாடு நடத்திய பழைய வட்டம் தேய்ந்துவிட்டது. இங்கிலிஷ் டிஃபென்ஸ் லீக் பெயரளவில்கூடப் பெரிதாக இல்லை. பெகிடாவின் கூட்டமும் ஓய்ந்தது. ஆனால் 2023 நவம்பரில் வில்டர்ஸின் கட்சி 37 இடங்களோடு நெதர்லாந்தின் முதல் கட்சியானது. 2025 செப்டம்பர் 13 அன்று லண்டனில் ராபின்சன் கூட்டிய பேரணிக்குக் காவல்துறைக் கணக்கிலேயே 1,10,000 முதல் 1,50,000 பேர் வந்தார்கள். 2012இல் ஆர்ஹூஸ் பூங்காவில் இருநூறு பேரோடு நின்ற அதே மனிதர்தான். பிரான்சிலிருந்து தீவிர வலதுசாரி அரசியல்வாதி எரிக் ஸெம்மூர் வந்து பேசினார். ஈலோன் மஸ்க் திரையில் தோன்றிப் பேசினார். பெல்ஜியத்திலிருந்து வந்து மேடையேறியவர், 2007இல் பிரஸ்ஸல்ஸ் தெருவில் கைதான ஃபிலிப் டெவின்டர்.